கனடாச் செண்பகத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர்

எங்கள் வரிசையில் ரிப்பேர் ஆகாத சாமான்களுக்கெல்லாம் ரிப்பேர் பார்த்துக் கொடுத்தவன் நான். கூலி ஒரு கிளாஸ் வரக்காப்பி. வாடிக்கை ஒரே ஒரு ஆள், கீழ் வீட்டு மாமா.

"மாப்ள, கொஞ்சம் எறங்கி வா. ஃபேன்ல கடகடன்னு சத்தம் வருது."

இறங்கிப் போய்ப் பார்ப்பேன். ஃபேன் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். பூனை நடந்தால்கூட அதைவிடச் சத்தம் வரும்.

"எங்க மாமா சத்தம்?"

"நீ வந்ததும் நின்னுபோச்சு பாரு. ஒன்னக் கண்டா அதுக்கும் பயம்."

"அதுக்கு ஒண்ணும் இல்ல மாமா. உங்களுக்குத்தான் எங்கயோ நட்டு கழண்டிருக்குது."

விழுந்து விழுந்து சிரிப்பார். அதற்குள் நான் ஏற ஸ்டூல் போட்டிருக்கும், காப்பி ரெண்டு கிளாஸில் ஊற்றியிருக்கும். எப்போதும் ரெண்டு கிளாஸ். ஒரு நாள் நிஜமாகவே சுவிட்சு போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு ஸ்க்ரூவில் மூன்றைக் காணோம். திரும்பிப் பார்த்தால் மாமாவின் இடுப்பு மடிப்பில் டெஸ்டரின் மஞ்சள் பிடி எட்டிப் பார்க்கிறது.

"இடுப்புல என்னா மாமா?"

"முதுகு சொறியறதுக்குடா. வேர்க்குரு."

பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டதே தவிர, இந்தக் கணக்கெல்லாம் எனக்கு நன்றாகவே வரும். மறுநாள் காலையில் மாடிப்படியில் நின்றுகொண்டு அவர் குரலிலேயே கத்தினேன்: "மாப்ள, என் வேர்க்குரு ஷாக் அடிக்குது, ஓடி வா!" தெருவே சிரித்தது. அவரும்தான்.

எல்லோரிடமும் அவர் இப்படித்தான். டீக்கடையில் முதல் வாய் குடித்துவிட்டுச் சர்க்கரை பத்தவில்லை என்பார். மாஸ்டர் போட்டுக் கலக்கிக் கொடுத்தால் தித்திக்கிறது என்பார். மாஸ்டர் கொஞ்சம் பால் ஊற்றுவார். அதற்குள் மாஸ்டரின் பையன் காலேஜ் அட்மிஷன், மாமியார் கண் ஆபரேஷன் எல்லாம் கேட்டு முடித்திருப்பார். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் தன் ஸ்டாப் வந்துவிட்டதா என்று நாலு முறை விசாரிப்பார். அந்த ஸ்டாப்பில்தான் அவர் பிறந்ததே. சிலிண்டர் போடுகிறவர் எங்கள் தெருவுக்கு வந்தால் முதலில் என்னிடம் கேட்பார், "கீழ மாமா வூட்ல இருக்காரா?" இருக்கிறார் என்றால் பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போவார். வாஷர் சரியில்லை என்று அரைமணி நேரம் ஆகும்.

மாமாவுக்குப் பீங்கான் ஷெட்டில் சூளை வேலை. அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கட்டை எல்லாம் அடுக்கி, கதவைச் செங்கல் வைத்துப் பூசி, பர்னரைப் பற்றவைத்துவிட்டால் அது அவர் ராஜ்யம். சுவரில் இருக்கிற ஓட்டை வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு தீயின் நிறத்தைப் பார்ப்பார். பர்னர் போடுகிற இரைச்சலில் வருஷக்கணக்காகக் கத்திக் கத்தி, அவருக்கு மெதுவாகப் பேசுவது என்பதே மறந்துவிட்டது. கோயிலில் சாமியிடம் அவர் வேண்டிக்கொண்டால் வெளியே செருப்பு பார்த்துக்கொள்பவருக்கு அது தெரிந்துவிடும்.

சுடச்சுட வேலை இருக்கும்போது அவரைப் பார்க்க வேண்டும், கல்யாண வீட்டுக்காரர் போல ஓடிக்கொண்டிருப்பார். பர்னரை அணைத்ததும் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். சூளை தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் படபடவென்று வெடித்துவிடும். அந்த நேரத்தில் அதற்கு யாரும் தேவையில்லை. பொம்மை ஏற்ற நான் லோடு வண்டியைக் கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன், மாமா மட்டும் ஷெட்டில் தனியாக, உள்ளங்கையைச் சூளைச் சுவரில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி வருவார். மாட்டைத் தடவிக் கொடுப்பது போல இருக்கும்.

"என்னா மாமா, தாலாட்டா?"

"சூடு எறங்குதான்னு பாக்கறேன்."

"எறங்கலன்னா?"

"எறங்கிடும்." கையை எடுக்க மாட்டார்.

அவருக்கு ஒரே மகள். சம்சாரம் அந்தப் பெண் ஸ்கூலில் படிக்கும்போதே தவறிவிட்டார். மகளை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், அதனால் தெருவுக்கே அது பாப்பாதான். நர்சிங் முடித்துக் கனடாவுக்குப் போய், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. போன புதிதில் மாமா ஒரு முறை தானாகவே போன் போட்டிருக்கிறார். பாப்பா டூட்டியில் இருந்திருக்கிறது. "வேலைல போன் எடுக்கக் கூடாதுப்பா, திட்டறாங்க. நானே கூப்புடறேன்" என்றது. அன்றிலிருந்து மாமா கூப்பிட்டதே இல்லை. யாராவது கேட்டால், "வேலை செய்யற எடத்துல தொந்தரவு பண்ணக் கூடாது" என்று, ஏதோ சட்டம் போல, தெருவுக்கே கேட்கச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா கூப்பிடும். மாமா ஸ்பீக்கரில்தான் பேசுவார், மாடிப்படியில் உட்கார்ந்தால் எனக்கு ரெண்டு பக்கமும் கேட்கும்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்ப்பா. நீ?"

"ஆச்சு. அங்க குளிரா?"

"குளிர்தாம்ப்பா. அங்க?"

"வெயிலு."

அவ்வளவுதான். தினம் நூறு பேரிடம் வாயாடுகிற மனிதர், மகளிடம் மட்டும் பேச்சுப் போட்டிக்கு வந்துவிட்டுத் தலைப்பு மறந்துபோன பையன் மாதிரி முழிப்பார். பாப்பாவும் அவர் மகள்தானே. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு விடுவார்கள். "சரி வெச்சுடறேன்" என்று வைத்துவிடுவார்கள்.

அப்புறம்தான் செண்பகம் வந்தது.

மாமாவின் பீங்கான் ஷெட்டுக்குப் பின்னால் மதிலை ஒட்டி ஒரு செண்பக மரம் உண்டு. பாப்பா சின்னப் பெண்ணாக இருந்தபோது மாமா தினமும் விழுந்த பூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவாராம். பர்னர் எண்ணெய் நாற்றமும் பூ வாசனையும் சேர்ந்தே வருமாம். கனடாவில் அந்தப் பெண், செண்பகச் செடி கிடைக்கிறது என்று எங்கேயோ பார்த்து, ஆர்டர் போட்டு வாங்கிவிட்டது. முழங்கால் உயரம் இருக்கும். வீடியோவில் காட்டியது. மாமா முதலில் செடியைப் பார்க்கவில்லை, தொட்டியைத்தான் பார்த்தார்.

"பளபளன்னு கிளேஸ் போட்ட தொட்டி. எங்க செஞ்சது அது? வாய்ப் பக்கம் பாரு, கோணலா இருக்குது."

"ப்பா, செடியப் பாருப்பா."

"நல்லா இருக்குது. பூ வெக்குமா?"

"வருஷம் ஆவும்ங்கறாங்க. வெச்சா உன் சட்டை வாசன வரும்ல?"

 போனை வைத்ததும் மாமா என்னைக் கூப்பிட்டு, ட்யூப்லைட் மினுக்குகிறது என்றார். மினுக்கவில்லை. காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

அங்கே வெயில் காலம் வந்தது. பாப்பா செடியைப் பால்கனியில் வைத்தது. கையகல இலைகள் விட்டுத் தளதளவென்று வளர்ந்தது. ஆனால் போன் குறைந்துவிட்டது. "செடி நல்லாருக்குதுப்பா" என்று ஒரு மெசேஜ் வரும், அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை டபுள் டூட்டி என்று அதுவும் சில வாரம் போகும். அந்த மாதங்களில் எனக்கு வேலை ஜாஸ்தி. மாமா வீட்டில் குழாய், தாழ்ப்பாள், ரேடியோ, கட்டில் கால், எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் உடம்பு சரியில்லாமல் போனது.

குளிர் வந்து பாப்பா செடியை அறைக்குள் எடுத்து வைத்தது. கொஞ்ச நாளில் இலை பழுத்தது. ஒவ்வொன்றாக விழுந்தது. பயந்துபோய்க் கூப்பிட்டது. மறுநாளும் கூப்பிட்டது. அதற்கு மறுநாளும்.

காலையில் நான் வண்டியைக் கிளப்புகிற நேரம் அங்கே ராத்திரி. மாமா குளித்து, சட்டை போட்டு, தலை சீவி, போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாப்பா இலையின் பின்பக்கத்தைக் காட்டும். இவர் கிட்டே கொண்டா என்பார். பூச்சியா, புள்ளியா, நரம்பு என்ன நிறம் என்று விசாரணை நடக்கும். நடுநடுவே, பாப்பா கூட வேலை செய்கிற பெண்ணைப் பற்றிச் சொல்லும், பஸ் லேட்டாக வந்ததைச் சொல்லும், ரசம் வைத்துக் கெட்டுப்போனதைச் சொல்லும். மாமா வீட்டில் ஃபேன் சத்தமே நின்றுவிட்டது. ஒரு வாரமாக என்னை அவர் கூப்பிடவே இல்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"மாமா, மாப்பிள்ள பாக்க வராங்களா? காலங்காத்தால பவுடரு."

"போடா. பாப்பா பேசும்."

அந்த வாரம் கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் எனக்கு ஒரு லோடு இறக்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு நர்சரி இருக்கிறது, கேட்டுவிட்டு வரலாம் என்று மாமாவும் வண்டியில் ஏறிக்கொண்டார். நர்சரி அக்கா கையில் மண்ணோடு வந்து, மாமாவின் போனில் இருந்த படத்தை ரெண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தண்ணி எப்டி ஊத்தறாங்க?"

"தெனமும்தான், நம்ம ஊர் மாதிரி."

"அதாங்க. இங்கயே மார்கழில நாங்க கொறச்சிடுவோம். அந்தக் குளுருக்கு அது தண்ணியே இழுக்காது. மேல் மண்ணு நல்லாக் காயட்டும், அப்புறம் ஒரு டம்ளரு. ஹீட்டரு பக்கத்துல வெக்காம ஜன்னலாண்ட வெக்கச் சொல்லுங்க. தெனம் ஊத்துனா வேர் அழுவிடும்."

"காஞ்சப்புறம் ஒரு டம்ளரு" என்று மாமா திருப்பிச் சொன்னார்.

"அவ்ளோதான். குளுரு போனா தானாத் தழைக்கும்."

திரும்பி வரும்போது வண்டியில் அவர் போனில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான்தான் பாடிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை. நான் படியில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தேன். கீழே மாமாவின் குரல்.

"கேட்டுட்டேன் பாப்பா. தண்ணி பத்தலயாம். காலைல ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. கொறைக்காத."

"இப்பவே மண்ணு ஈரமாதாம்ப்பா இருக்குது."

"இருக்கட்டும். ஹீட்டரு காத்துல காஞ்சிடும். ஊத்து."

ஒரு கால் ஷூவோடு இறங்கிப் போனேன். அவர் போனை அணைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, மாத்திச் சொல்லிட்டீங்க. அந்தக்கா ஊத்தக் கூடாதுன்னுச்சு."

"எனக்குக் காது கேக்கும்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா?"

எப்போதும் எனக்கு வாயில் ஒரு கேலி தயாராக இருக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"செத்துடும் மாமா."

"சாவாது. எவ்ளோ தாங்கும்னு எனக்குத் தெரியும்." காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார், முதன்முறையாகக் கொஞ்சம் மெதுவாக: "வெயில் காலத்துல அது நல்லாத்தான் இருந்துச்சு. எத்தன தடவ கூப்புட்டா? நீயே சொல்லு, நீ மேல ஒக்காந்து கேட்டுட்டுதான இருக்க."

 காப்பி ரெண்டு கிளாஸில் வந்தது. என் கிளாஸை நான் தொடவில்லை.

அதன் பிறகு நான் அவரைக் கிண்டல் செய்வதில் கொஞ்சம் முள் வைத்தேன். "இன்னிக்கி எத்தன எல மாமா?" என்று வண்டியில் இருந்தே கத்துவேன். "ரெண்டு" என்று அவரும் சிரித்துக்கொண்டே கத்துவார். ஒரு நாள் "ஆறு" என்றார். அப்போது சிரிக்கவில்லை.

அவருக்குத் தெரிந்தது மண். சுடாத பச்சைப் பொம்மை எவ்வளவு சூடு தாங்கும், எந்த இடத்தில் நிறுத்தினால் பிழைக்கும், இன்னும் கொஞ்சம் போனால் எங்கே கோணும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. செடியையும் அந்த ஓட்டை வழியாகவே பார்த்துவிட்டார். இந்த அளவுக்கு வாடட்டும், அப்புறம் நிறுத்திக்கொள்ளலாம் என்று. தொட்டிக்குள்ளே வேரில் என்ன நடக்கிறது என்று பார்க்க அங்கே ஓட்டை ஏது?

கடைசி இலையும் போய் வெறும் குச்சியாக நின்ற அன்று பாப்பா கூப்பிட்டது. நான் படியில் இருந்தேன். மாமா எப்போதும் போல, "கிட்டக் கொண்டா" என்றார்.

"நுனி கறுத்துடுச்சுப்பா. தண்டு மெத்துமெத்துன்னு இருக்குது."

"கீழ அமுக்கிப் பாரு. கெட்டியா இருக்குதா?"

"வேணாம்ப்பா. தூக்கிப் போட்டுடறேன்." குரல் உடைந்தது. "நீ சொன்ன மாதிரியேதான் எல்லாம் செஞ்சேன். என் கையில எதுவுமே தங்காதுப்பா. அம்மாவும் அப்டித்தான் போச்சு. இங்க வந்து யாருமில்லாம ஒரு செடி வாங்கினேன், அதயும் சாவடிச்சிட்டேன்."

கீழே சத்தமே இல்லை. அந்த வீட்டில் அவர் இருக்கும்போது அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

"போடாத" என்றார். "தண்ணிய நிறுத்து."

"என்னாப்பா?"

"ஊத்தாத. மண்ணு காயட்டும். நல்லாக் காஞ்சப்புறம் ஒரு டம்ளரு, அவ்ளோதான். ஜன்னலாண்ட வெய்யி. கறுத்தத வெட்டிடு. நீ ஒண்ணும் பண்ல பாப்பா. நான் தப்பாச் சொன்னேன்."

"நர்சரில கேட்டேன்னு சொன்ன?"

"அவங்க சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் உங்கிட்ட தப்பாச் சொன்னேன்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

"ஏம்ப்பா?"

கீழே கட்டில் கிரீச்சென்றது.

"டவரு இல்ல பாப்பா, கேக்கல" என்று கத்திவிட்டு, மாமா போனை அணைத்துவிட்டார். எங்கள் மாடியிலேயே நின்றுகொண்டிருக்கிறது ஒரு டவர்.

மறுநாள் பாப்பா கூப்பிடவில்லை. அந்த வாரமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா சட்டை போட்டுக்கொண்டு போனைக் குடத்தின் மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறு ஞாயிறும் அப்படியே.

செடி போய்விட்டதா, கோபமா, ரெண்டுமா, எதுவும் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை, கூப்பிடக் கூடாது என்பது அவரே போட்டுக்கொண்ட சட்டம். விசித்திரம் என்னவென்றால், வீட்டில் எந்தச் சாமானும் கெட்டுப்போகவில்லை. நானே இறங்கிப் போய், "மாமா, ஃபேன் சத்தம் வருதா?" என்று கேட்டேன். "இல்லடா, நல்லா ஓடுது" என்றார். டீக்கடையில் கொடுத்த டீயைக் கொடுத்தபடி குடித்தார். மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவருக்கு ஒடம்புக்கு ஏதாவதாடா?" என்று விசாரித்தார். சிலிண்டர் போடுகிறவர் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்து, போக மனசில்லாமல் வாசலில் நின்றார்.

"நீங்களே ஒரு போன் போடுங்க மாமா" என்றேன்.

"போட்டு?"

"பேசுங்க."

"என்னான்னு?"

 நர்சரி அக்காவிடம் கேட்கிற விஷயம் இல்லையே அது.

அப்புறம் ஒரு நாள் படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும். வெட்டிவிட்ட குச்சி, அதன் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு பச்சைக் கூர். ஜன்னலுக்கு வெளியே இன்னும் பனி வெள்ளையாகக் கிடந்தது. மாமா அதை எனக்குக் காட்டினார், என் அம்மாவுக்குக் காட்டினார், ஷெட்டில் எல்லோருக்கும் காட்டினார். "பொழைச்சிடுச்சு" என்று கத்தினார். எல்லோரும் போன பிறகு, என்னிடம், "இனிமே அதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். நல்ல செய்தியை யாரும் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

ரெண்டு நாள் கழித்து, காலையில் வேப்பூருக்கு லோடு. தார்ப்பாய் கட்டக் கயிறு எடுக்க மாமா வீட்டுக்குள் போனேன். சட்டை போடாமல், தலை சீவாமல், நடு அறையில் நின்றுகொண்டிருந்தார். கையில் போன். ஸ்பீக்கரில் ரிங் போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி விழித்தார். ஆனால் நிறுத்தவில்லை.

"ப்பா?" பாப்பாவின் குரல் பதறியது. "என்னாப்பா? ஒடம்புக்கு என்னா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

"வூட்ல ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல பாப்பா."

"செடிக்கு ஏதாவது சொல்லணுமா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு பூச்சி, ஒரு புள்ளி, ஒரு உரம், எதையாவது இட்டுக்கட்ட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"செடி நல்லாத்தான இருக்குது. அதுக்கு என்னா. சும்மாதான் கூப்புட்டேன்."

அந்தப் பக்கம் பேச்சில்லை. வைத்துவிட்டதோ என்று அவர் போனைத் திருப்பிப் பார்த்தார். வைக்கவில்லை.

"டூட்டி முடிஞ்சி வூட்டுக்குப் பனில நடந்து போயிட்டிருக்கேம்ப்பா" என்றது பாப்பா. "வாயெல்லாம் வெறைக்குது, பேச முடியாது."

"சரி பாப்பா, வெச்சுடறேன்."

"வெக்காத. லைன்ல இரு."

ஸ்பீக்கரில் காற்று இரைந்தது. அதற்குள்ளே, ஒரே சீராக, நறுக் நறுக்கென்று ஒரு சத்தம். எங்கள் ஷெட்டு வாசலில் உடைந்த பீங்கான் சில்லு கொட்டிக் கிடக்கும். அதன் மேல் யாரோ நடப்பது போல இருந்தது.

"என்னா மாமா அது?" என்றேன்.

கையைத் தூக்கி என்னை அடக்கினார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் கயிற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிற வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அப்புறம், எனக்குச் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது, அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

"நடக்கறா."